ஒரே பந்தியில்

(பொன்விழா ஆண்டின் தொடக்கமாகக் கொடியேற்றப்பட்ட நாளன்று மாலை, கோவில் முற்றத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



கொடி ஏறிவிட்டது. வெடியும் முழங்கிவிட்டது. பலகாரக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார் என்பதை மேடையில் இருக்கும் நம் மூக்கே நமக்கு அறிவிக்கிறது. ஆகையால் நீண்ட பிரசங்கம் செய்து உங்கள் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை.

"பங்கின் வரலாற்றைப் பேசுங்கள், சாமி" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். வரலாற்றை நம் முன்னாள் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதுவதை நாம் முந்திக்கொண்டு பேசினால் அவர் நம்மோடு பேசமாட்டார். எனவே, நாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முடிவுவரை இருந்து கேளுங்கள்.

பந்தியா, பொட்டலமா?

சென்ற வாரம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. திருவிழா நிறைவு நாளில் நாம் கொடுக்கும் அசனத்தைப் பந்தி போட்டுப் பரிமாறுவதா, பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதா என்பதே அந்தக் கேள்வி.

முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வியே இல்லை. பனம்பாயில் சோற்றைக் கொட்டி, ஓலைப்பெட்டியில் அள்ளி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊர் முழுமைக்கும் பரிமாறுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. கோவிலையே பூட்டவேண்டிய காலம் அது. பின்பு கோவில் திறந்தபோதும் கூட்டம் கூடக்கூடாது, நெருங்கி உட்காரக்கூடாது என்றார்கள். அப்போது பொட்டலம் வந்தது. அது தேவையாய் இருந்தது, நல்லதாயும் இருந்தது. நோய் தணிந்தது, முகக்கவசம் போயிற்று, திருமண வீட்டுப் பந்திகளும் திரும்பிவிட்டன. கோவில் பந்தி மாத்திரம் திரும்பவில்லை.

ஏன் என்று கேட்டோம். "பொட்டலம்னா வேலை லேசு, சாமி" என்றார் ஒருவர். உண்மைதான். "வயசானவுக வீட்டுல இருந்தே சாப்பிடலாம்" என்றார் இன்னொருவர். அதுவும் உண்மைதான். கூட்டம் முடிந்தபின், வாசற்படி வரை நம்மோடு வந்த ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பந்தின்னா யாரு பக்கத்துல யாரு உக்காருவான்னு ஒரு சங்கடம் இருக்கு, சாமி. பொட்டலத்துல அது இல்ல."

அவர் நல்லவர். நம்மை நம்பி உண்மையைச் சொன்னார். அவரைக் குறை சொல்ல இதை இங்கே எடுக்கவில்லை. ஆனால் அந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மற்ற இரண்டு காரணங்களுக்கும் ஒரு மறுமொழி உண்டு. இந்த மூன்றாவது காரணத்துக்கு மறுமொழி சொல்லாமல் பொன்விழாக் கொண்டாடினால், நாம் எதைக் கொண்டாடுகிறோம்?

ஒரு பிடி அரிசி

இந்தக் கோவில் எதனால் எழும்பியது? வெளியூர்ப் பணமும் வந்தது, மறைமாவட்டமும் உதவியது. ஆனால் அடிப்படை பிடியரிசிதான். நம் தாய்மார்கள் உலை வைக்கும்போது, களைந்து போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைத்தார்கள். வாரக் கடைசியில் அதைக் கோவிலில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஒரு பிடி என்பது ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பிடி வீதம் ஆண்டுக்கு 18 கிலோவுக்குச் சற்று மேல். நூறு வீடு சேர்ந்தால் 1,800 கிலோவுக்கு மேல். வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஒவ்வொருவர் தட்டிலும் நான்கு பருக்கை குறைந்தது, அவ்வளவுதான். சில வீடுகளில் அந்த நான்கு பருக்கை தாயின் தட்டிலிருந்து மட்டுமே குறைந்திருக்கும். அதைத் தாய்மார்கள் சொல்லமாட்டார்கள்.

அந்த அரிசி கோவிலுக்கு வந்தபின், இது கீழத்தெரு அரிசி, இது மேலத்தெரு அரிசி என்று எவராவது பிரிக்க முடிந்ததா? ஒரே மூடையில் கலந்தது, ஒரே கிடாரத்தில் வெந்தது. அரிசிக்கு இல்லாத சங்கடம், அதை உண்ண வருகிற நமக்கு எங்கிருந்து வந்தது?

அந்தியோக்கியாவில் ஒரு பந்தி

இது நம் ஊரின் புதிய நோய் அல்ல. திருச்சபை பிறந்து இருபது ஆண்டுகூட நிறையாத காலத்திலேயே இது தலைகாட்டியது. அந்தியோக்கியாவில் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு புனித இராயப்பர் ஒன்றாக அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, அவர் மெல்ல அந்தப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். புனித சின்னப்பர் விட்டுவிடவில்லை. எல்லார் முன்னிலையிலும் இராயப்பரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இது இருக்கிறது. வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

கவனியுங்கள். இராயப்பர் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. சாப்பிடும் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அது நற்செய்தியின் உண்மைக்கே மாறானது என்று சின்னப்பர் கண்டார்.

கொரிந்துவிலும் இதே கதைதான். அங்கே ஆண்டவருடைய பந்திக்குக் கூடியபோது, வசதியுள்ளவர்கள் முந்தி வந்து வயிறு நிறைய உண்டார்கள். உழைத்துக் களைத்துப் பின்னால் வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதற்காகத்தான் சின்னப்பர் கி.பி. 55-ஐ ஒட்டி அவர்களுக்குக் கடுமையாக எழுதினார். அந்தக் கண்டனத்தின் நடுவிலேதான், இயேசு அப்பத்தை எடுத்து நற்கருணையை ஏற்படுத்திய வரலாற்றை அவர் எடுத்துரைக்கிறார். நாள்தோறும் திருப்பலியில் நாம் நினைவுகூரும் அந்தச் செய்தி, ஒரு சாப்பாட்டுச் சண்டையைத் தீர்க்கப்போய் எழுதப்பட்ட கடிதத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது. பந்தி வேறு, பலிபீடம் வேறு என்று சொல்ல நமக்கு வழியில்லை.

நம் பக்கத்து ஊர்கள்

அந்தியோக்கியா தூரம் என்பீர்கள். வடக்கன்குளம் தூரமில்லையே! அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழும்பிய திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி நடைகள் இருந்தன. இரு சாராரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே திருப்பலி காண்பதற்காக இடையில் தடுப்பு. 1910-ம் ஆண்டு குருவானவர் அத்தடுப்பை நீக்கினார். கலகம் மூண்டது; வழக்கு நடந்தது; சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தடுப்பு மீண்டும் எழவில்லை.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ம் ஆண்டு நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனம் திரும்பியதற்கு ஒரு நட்பு காரணம். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்டவர் டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய். பின்பு அதே அரசரிடம் படைப் பணி ஏற்றார். அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளைக்குக் கால்நடைகளும் பயிரும் நட்டமாகி மனம் உடைந்திருந்த வேளையில், எல்லாம் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் சரித்திரத்தை டிலனாய் எடுத்துச் சொன்னார். யாரோ ஒரு பெரிய போதகர் மேடையேறிச் சொல்லவில்லை. ஒரு நண்பன், துன்பத்தில் இருக்கும் இன்னொரு நண்பனின் பக்கத்தில் அமர்ந்து சொன்னான்.

பிறப்பால் உயர்ந்தவர் எனப்பட்ட தேவசகாயம், எல்லா மக்களும் சமம் என்று போதித்து, எல்லாரோடும் கலந்து பழகினார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அன்று நாமெல்லாரும் வேட்டு வெடித்தோம், இனிப்பு வழங்கினோம். அந்த இனிப்பைப் பொட்டலமாகக் கட்டித் தெருத்தெருவாய்த் தனித்தனியே கொடுத்திருந்தால், அப்புனிதர் என்ன நினைத்திருப்பார்?

நம் கதை

பிறர் குற்றம் சொல்வது எளிது. நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

குருமடத்தில் படித்த காலத்தில், விடுமுறைக்கு ஒரு நண்பனின் ஊருக்குப் போனோம். ஓலைக்கூரை வீடு. நண்பனின் தாயார் அடுப்படிக்கும் வாசலுக்குமாக இரண்டுமுறை நடந்துவிட்டு, கதவருகே நின்று கேட்டார்: "பிரதர், எங்க வீட்ல சாப்பிடுவீயளா?"

அதுவரை யாரும் நம்மிடம் அப்படிக் கேட்டதில்லை. சாப்பிடுங்கள் என்பார்கள், சாப்பிட்டீர்களா என்பார்கள். சாப்பிடுவீர்களா என்று ஒரு தாய் கேட்கிறாள் என்றால், எத்தனை பேர் அந்த வாசலில் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிப் போயிருப்பார்கள்! கருவாட்டுக் குழம்பும் சோறும் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டோம். அந்தத் தாயின் முகத்தைக் கண்டபோது, குருமடத்தில் படித்த இறையியல் எதற்காக என்று நமக்குக் கொஞ்சம் விளங்கியது.

விளங்கியது நிலைத்ததா? அதுதான் வெட்கம். நாம் முதன்முதல் பங்குத்தந்தையாகச் சென்ற ஊரில் அசனம் நடந்தது. மக்கள் வெளியே வெயிலில் தரையில் உட்கார்ந்தார்கள். நமக்கும் முக்கியஸ்தர்களுக்கும் அறைவீட்டுக்குள் மேசை, நாற்காலி, மின்விசிறி, வெளியே இல்லாத இரண்டு கறி. "சாமிக்குத் தனியா வச்சிருக்கு" என்றார்கள். நாம் மறுக்கவில்லை. நன்றாகவே சாப்பிட்டோம்.

கைகழுவ வெளியே வந்தபோது, கோவிலைப் பெருக்கும் மூதாட்டி ஒரு தூக்குவாளியுடன் நின்றார். ஆண்டு முழுவதும் ஒரு வாரம் தவறாமல் பிடியரிசி கொண்டுவந்தவர் அவர். கடைசிப் பந்தியில் இடம் கிடைத்தும் சாம்பார் தீர்ந்து போயிருந்தது. "சாமி, குழம்பு இல்லன்னாலும் பரவாயில்ல. கொஞ்சம் சோறு கெடச்சா எங்க வீட்டு ஆளுக்குக் கொண்டு போவேன்" என்றார். அவருடைய கணவர் படுக்கையில் இருந்தார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். நாம் உண்ட மேசையில் மீந்த கறி இருந்தது. அதைத்தான் வாளியில் ஊற்றிக் கொடுத்தோம். "ஆண்டவர் உங்களுக்குக் கொறையில்லாமக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடுத்த அரிசியில் நாம் முதலில் உண்டு, மீந்ததை அவருக்குக் கொடுத்தோம்; அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த திருவிழாவில் அவரை முதல் பந்தியில் உட்காரவைத்து, நம் கையால் பரிமாற வேண்டும் என்று நினைத்திருந்தோம். திருவிழாவுக்குள் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தை அந்த ஞாயிறு முதல் நம்மால் பிறருக்கு மட்டும் என்று வாசிக்க முடியவில்லை. அன்று தொடங்கி, எந்தப் பங்கிலும் அசனத்தில் அறைவீட்டுச் சாப்பாடு நாம் சாப்பிட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடனை அடைக்க முடியாதவன் வட்டி கட்டுவதைப்போல இது.

கிடாரத்தின் இரு வளையம்

இனி நம் பங்கின் கதை ஒன்று. பெயர் சொல்லமாட்டோம், சொல்லவேண்டிய தேவையும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

இரு நண்பர்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒன்றாகப் புதுநன்மை வாங்கியவர்கள். கிணற்றுத் தண்ணீர் முறையில் தொடங்கி வரப்பில் முற்றி, வழக்கு நீதிமன்றம் போயிற்று. பதினோரு ஆண்டுகள் பேச்சில்லை. ஒருவர் முதல் திருப்பலிக்கு வந்தால் மற்றவர் இரண்டாம் திருப்பலிக்கு வருவார்.

சென்ற ஆண்டு அசனத்துக்கு ஆக்குப்புரையில் இருவருமே நின்றார்கள். ஒருவர் அடுப்புப் பொறுப்பு, மற்றவர் காய்கறி. சோறு பதமாகிவிட்டது. கிடாரத்தை இறக்கவேண்டும். வளையங்களில் கம்பைக் கோத்து, இருபுறமும் ஆள் நின்று ஒரே மூச்சில் தூக்கவேண்டும். தூக்குகிற பையன்கள் விறகுக்குப் போயிருந்தார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் சோறு குழைந்துவிடும். ஊர்ச்சோறு! இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் இந்த முனையைப் பிடித்தார். மற்றவர் அந்த முனையைப் பிடித்தார்.

"சூடு. துணியப் போட்டுப் புடி."

"எனக்குத் தெரியும்ல."

பதினோரு ஆண்டுக்குப் பின் அவர்கள் பேசிய முதற்பேச்சு அதுதான். சமாதானத்தைப் பற்றி நாம் அவர்களுக்குச் செய்த பிரசங்கம் ஒன்றும் பலிக்கவில்லை, கிடாரம் சாதித்துவிட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். வக்கீல்களுக்குத்தான் குழப்பமாம்.

ஆனாலும் அன்று நமக்கு ஒரு வருத்தம் மிஞ்சியது. சோறு வடித்தானது, பொட்டலம் கட்டியானது. அந்த இருவரும் ஆளுக்கு ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒருவர் வடக்கே போனார், மற்றவர் தெற்கே போனார். ஒன்றாகத் தூக்கிய சோற்றைத் தனித்தனித் திண்ணையில் தின்றார்கள். அன்று ஒரு பந்தி இருந்திருந்தால்! பக்கத்தில் இருப்பவன் இலையில் உப்பு இல்லை என்றால், எவ்வளவு பகை இருந்தாலும் "இங்க உப்பு கொண்டா" என்று குரல் கொடுக்காத மனிதன் நம் ஊரில் உண்டா?

நம் விண்ணப்பம்

முன்காலத்தில் நற்கருணை வாங்குவதற்கு நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். 1957-ல் அது மூன்று மணி நேரமாயிற்று. 1964-ல் ஒரு மணி நேரமாயிற்று. உபவாசத்தின் நேரத்தைத் திருச்சபை குறைத்தது. சேர்ந்து உண்பதின் கடமையைக் குறைக்கவில்லை. ஆயக்காரரோடும் பாவிகளோடும் உண்கிறார் என்பதுதானே நம் ஆண்டவர்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு? அவர் உயிர்த்தபின்னும், எம்மாவுஸ் போன சீடர் அவரை அடையாளம் கண்டது வழிநெடுகக் கேட்ட வியாக்கியானத்தில் அல்ல, பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதுதான்.

நம் பாதுகாவலர் புனித அந்தோணியார் 1231-ல் இறந்து, ஓராண்டு நிறையுமுன் புனிதரானவர். அவர் பெயரால் ஏழைகளுக்கு அப்பம் வழங்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவர் திருமுற்றத்தில் நாம் போடும் பந்தி அந்த அப்பத்தின் தொடர்ச்சிதான்.

ஆகவே பேரவையினரின் முன்னும் உங்கள் முன்னும் நம் விண்ணப்பம் இது. இந்தப் பொன்விழா ஆண்டில் அசனம் பந்தியாகவே நடக்கட்டும். நடக்கமுடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இளைஞர்கள் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதன்பின் பந்தி தொடங்கட்டும். வேலை கூடும் என்றவருக்கு மறுமொழி: கைகளும் கூடட்டும். முதல் பந்தியில் குழந்தைகளும் தாய்மாரும், பிடியரிசி கொண்டுவந்த மூதாட்டிகளும் அமரட்டும். தெருவாரியாக இடம் பிரிக்கவேண்டாம்; வருகிற வரிசையில் உட்காருங்கள். அறைவீட்டில் இலை போடவேண்டாம். நாம் கடைசிப் பந்தியில் உட்காருவோம். குழம்பு மிஞ்சினால் சாப்பிடுவோம். மிஞ்சாவிட்டால் ரசம் போதும்.

சங்கடம் இருக்கும். இல்லை என்று நாம் பொய் சொல்லவில்லை. முதல் கவளம் சிலருக்குத் தொண்டையில் நிற்கும். இரண்டாவது கவளம் இறங்கிவிடும். நம் தாய்மார்கள் கூட்டாஞ்சோறு ஆக்குகிறார்களே! கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், கீரை, பருப்பு, அரிசி எல்லாம் ஒன்றாய் வேகும்போது, பக்கத்தில் யார் என்று எந்தக் காயும் கேட்பதில்லை. மூடியைத் திறந்தால் ஊரே மணக்கிறது.

அந்தக் கதவருகே நின்று "எங்க வீட்ல சாப்பிடுவீயளா" என்று கேட்ட தாயும் இன்று உயிரோடில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நம் ஊரிலும் இன்னும் சிலர் கதவருகே நிற்கிறார்கள். இந்தத் திருவிழாவில் அவர்களுக்கு நாமெல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டிய விடை, அவர்கள் பக்கத்தில் போய் இலைமுன் உட்காருவதுதான்.

பலகார வாசனை இன்னும் கூடிவிட்டது. பிள்ளைகள் நெளிகிறார்கள். போய்வாருங்கள். நிறைவு நாளில் பந்தியில் சந்திப்போம்.

புனித அந்தோணியாரின் மன்றாட்டால், எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும், உங்கள் உலையையும் அடுப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.